சிறு வழக்கை அபராதத் தொகையால் அளக்காதீர்கள்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் டாக்சி, தனியார் வாடகை கார், லாரி, விநியோக மோட்டார்சைக்கிள் ஓட்டிப் பிழைப்பவர்கள் சேர்ந்த சங்கம் எங்களுடையது. சாலைக் குற்ற வழக்குகளில் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையை எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டால், முதல் மேல்முறையீட்டில் கை வைக்க வேண்டாம் என்போம். அதற்கு மேலுள்ள படிகளில் கட்டுப்பாடு இருப்பதை ஏற்கிறோம்.

போக்குவரத்துப் போலிஸ் அனுப்பும் அபராதச் சீட்டுக்குப் பணம் கட்டிவிட்டால் பெரும்பாலும் விவகாரம் அதோடு சரி. நீதிமன்றம் வரை போய்த் தண்டனை பெற்றவருக்கு மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்க 14 நாள் அவகாசம். உயர் நீதிமன்றமும் கைவிட்டால், பொதுநலன் சார்ந்த சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே, அதுவும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அனுமதியோடுதான், மேலே போக முடியும். அரசுத் தரப்புக்கோ அந்த அனுமதியே தேவையில்லை. இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றித் தனியே ஓர் அறிக்கையே எழுதலாம்.

சிறு வழக்குகள் நீதிபதிகளின் நேரத்தைத் தின்கின்றன என்ற வாதம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அதற்கான வடிகட்டி குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டக் கேள்வி எதுவும் இல்லை, சாட்சியமும் போதுமானது என்று நீதிபதி கண்டால், விசாரணைக்கு எடுக்காமலே மேல்முறையீட்டைத் தள்ளிவிடலாம். அதற்கு முன்னால் இன்னொரு கதவு எதற்கு?

எது சிறு வழக்கு என்பதில்தான் சிக்கல். உதாரணத்துக்கு, இந்தியாவில் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் 100 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டும் விதித்தால் மேல்முறையீடு கிடையாது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த அந்த நூறு ரூபாய், 2023இல் வந்த புதிய சட்டத்திலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அபராதத்தோடு வேறு தண்டனையும் சேர்ந்தால் மேல்முறையீடு உண்டு என்கிறது அதே சட்டம். எங்களுக்குப் பிடித்தது அந்த விதிவிலக்குதான்.

எங்கள் உறுப்பினர்களுக்கு அபராதம் ஒரு மாதத் தலைவலி. வாகனம் ஓட்டத் தடை அப்படியல்ல. தடை ஓராண்டை எட்டினால் உரிமமே செல்லாது. தேர்வுகளை மறுபடி எழுதி வாங்க வேண்டும். வேலை அனுமதியில் வந்து லாரி ஓட்டுபவருக்கு முதலாளி அதுவரை காத்திருப்பாரா? 24 மாதங்களில் 24 குற்றப்புள்ளிகள் சேர்ந்தால், முதல்முறை என்றாலும் 12 வாரம் உரிமம் முடங்கும். ஆகவே தடையோ உரிமம் முடங்கும் அபாயமோ உள்ள எந்த வழக்கையும் சிறு வழக்கு என்று வகைப்படுத்தக் கூடாது. வெறும் அபராதத்தோடு முடியும் வழக்குகளுக்கு என்றாவது வரம்பு வந்தால் நாங்கள் எதிர்க்க மாட்டோம். உறுப்பினர்கள் சிலருக்கு இதில் உடன்பாடில்லை.

இன்னொன்று, குற்றத்தை ஒப்புக்கொள்வது. நீதிமன்றத்துக்காக டௌன்டவுன் ரயிலில் சைனாடவுன் போய் இறங்கி, அரை நாள் லீவில் வழக்கை முடித்துவிட நினைப்பவர், "ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிரும்" என்று தலையாட்டிவிடுகிறார். ஒப்புக்கொண்டவர் பிறகு தண்டனையின் அளவையும் அதன் சட்டப்பூர்வத் தன்மையையும் மட்டுமே எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். குற்றத்தீர்ப்பை எதிர்த்துச் செய்ய முடியாது. ஒப்புதலின் விளைவு அவருக்குப் புரிந்ததா என்று நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த விளைவுகளில் இந்த மேல்முறையீட்டு உரிமை இழப்பையும் தடை வரக்கூடும் என்பதையும் சேர்த்து, தமிழிலும் அழைப்பாணையிலேயே அச்சிட வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.