கல்லாப்பெட்டியைப் பிரிப்பது எப்படி?

தீபாவளி டிக்கெட்டுக்காகக் காலை 8 மணிக்கு மொபைலும் கையுமாக உட்காரும் அத்தனை பேரும் ஒரே ஆசாமியைத்தான் திட்டுகிறார்கள். அவர் பெயர் சர்வர். பாவம், அவருக்கும் வயசாகிவிட்டது. ரயில்வேயில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் டில்லியில் தொடங்கியது 1985-ல். வீட்டிலிருந்தே இன்டர்நெட்டில் டிக்கெட் எடுக்கும் வசதி வந்தது 2002-ல். நிமிஷத்துக்கு 32,000 டிக்கெட் என்ற வேகத்தை ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆக்கப்போவதாக ரயில்வே அமைச்சகம் 2025 ஜூனில் அறிவித்தபோது, உள்ளே ஓடிக்கொண்டிருந்தது 2010-ல் நிறுவிய ஏற்பாடு.

‘‘இதற்கு ஏன் இத்தனை வருஷம்? புதுசாக எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே!’’ என்பீர்கள். பழைய மென்பொருளைப் புதுப்பிப்பது, குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துக் கட்டுகிற வேலை. சமையலும் நிற்கக் கூடாது, சுவரும் விழக் கூடாது.

நான் பி.காம். ஆகவே கடைக்கணக்காகவே சொல்கிறேன்.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை. முதலாளி, அவர் மச்சான், கணக்குப்பிள்ளை, நாலு பையன்கள், ஒரே கல்லாப்பெட்டி. பில் போடுகிறவன் எட்டிக் கையை நீட்டி ஸ்டாக் நோட்டைத் திருத்துவான். மச்சான் கல்லாவிலிருந்து காபிக்கு எடுப்பார். யார் எதைத் தொடலாம் என்று எழுத்தில் ஒன்றும் கிடையாது. ஆனாலும் வியாபாரம் ஜாம்ஜாமென்று நடக்கும். இதுதான் ‘மோனோலித்’, அதாவது ஒற்றைக்கல் மென்பொருள்.

இப்போது கடையை தி.நகர், மயிலாப்பூர், அடையாறு என மூன்று கிளைகளாகப் பிரிக்க வேண்டும். தி.நகரிலிருந்து அடையாறு நோட்டுக்குக் கை எட்டாது. சீட்டு எழுதித்தான் கேட்க வேண்டும். ‘பச்சை பார்டர் புடவை 6 அனுப்பவும்.’ சீட்டில் என்ன எழுத வேண்டும், பதிலுக்கு என்ன வரும் என்ற ஒப்பந்தம் இருக்கிறதே, அதற்குப் பெயர்தான் ஏ.பி.ஐ.

சிக்கல் என்னவென்றால், எங்கெங்கே சீட்டு வேண்டும் என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. லட்சக்கணக்கான வரிகள். எழுதிய மகானுபாவர் ரிடையராகி, பேரனை ஸ்கூலில் விட்டுக்கொண்டிருப்பார். அதனால், இதைக் கண்டுபிடிக்கவே தனியாக மென்பொருள் எழுதுகிறார்கள்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, கடை மூடியிருக்கும்போது நோட்டுகளைப் புரட்டுவது. எந்த நிரல் எதைக் கூப்பிடுகிறது, எந்தத் தகவலைத் தொடுகிறது என்று வரி வரியாக அலசுவது. இரண்டாவது, வியாபாரம் நடக்கும்போதே ஒரு பையனை மூலையில் உட்காரவைத்து, யார் யாரை எத்தனை தடவை கூப்பிடுகிறார்கள் என்று குறிக்கச் சொல்வது. அப்புறம், ஓயாமல் பேசிக்கொள்கிறவர்களை ஒரே கிளையில் போடு. கிளை தாண்டிய பேச்சைக் குறை. அப்படியும் மிஞ்சுகிற பேச்சுகள்தான் சீட்டுகள்.

ஐ.பி.எம். கம்பெனியின் ‘மோனோ டு மைக்ரோ’ இரண்டாவது ரகம். 2021-ல் அதே கம்பெனியின் இந்திய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஒரு முறை இன்னும் சுவாரஸ்யம். நிரல்களைக் கிளை கிளையாகப் பிரிப்பதோடு, எந்தக் கிளையிலும் ஒழுங்காக உட்காராதவர்களையும் அது அடையாளம் காட்டிவிடுகிறது. நம்ம மச்சான்! ‘‘இவரை மட்டும் நீங்களே பார்த்துக்கோங்க சார்’’ என்று மனுஷனிடம் தள்ளிவிடுகிறது.

ஆனால், மூலையில் உட்கார்ந்த பையன் தை மாதம் வந்திருந்தால் ஆடித் தள்ளுபடியைப் பார்த்திருக்க மாட்டான். மார்ச் 31 அன்று மட்டும் விழித்தெழும் நிரல் அவன் கண்ணில் படாது. நோட்டைப் புரட்டுகிறவனுக்கோ, கடையை விட்டுப் போய்ப் பத்து வருஷமான ஆளும் ஊழியர்தான். அதனால் இரண்டு பேருமே வேண்டும்.

அப்புறமும் ஒன்று பாக்கி. 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு, கேட்காவிட்டாலும், காலியிருந்தால் லோயர் பெர்த் ஒதுக்குவது ரயில்வே விதி. இது மாதிரி ஒரு விதி நிரலுக்குள் இருந்தால், மெஷினுக்குத் தெரிவது 45 என்ற எண் மட்டுமே. முழங்கால் வலியோடு மேலே ஏற முடியாத ஓர் அம்மாவை அதற்குத் தெரியாது.

தெரியாமல் மாற்றினால் என்ன ஆகும்? 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி ஒரு வார இறுதியில் புது சிஸ்டத்துக்குத் தாவியது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022-ல் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல்.

‘‘அப்போ மெஷின் வந்தா என் வேலை போயிடுமா?’’ என்று தரமணியிலும் சிறுசேரியிலும் தம்பிகள் கேட்கிறார்கள். எது எதைக் கூப்பிடுகிறது என்று பட்டியல் போடுகிற வேலை மட்டும்தான் உங்களுடையது என்றால், கொஞ்சம் கவலைப்படலாம். ஏன் கூப்பிடுகிறது என்று தெரிந்தவரை யாரும் அவ்வளவு சுலபமாக அனுப்ப மாட்டார்கள்.

உங்கள் ஆபீஸில் இந்த மாதம் ஒரு சீனியர் ரிடையராகிறாரா? சால்வை, பிள்ளையார் பொம்மை, க்ரூப் போட்டோ எல்லாம் சாயந்திரம் இருக்கட்டும். காலையிலேயே ஒரு நோட்டோடு அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடுங்கள். ‘‘சார், அந்த 45 எதுக்கு?’’