மணவினை ஏற்பாடும் மறைக்கப்படும் கணக்கும்

யாழ்ப்பாணத்து வீடொன்றில் திருமணப் பேச்சு எழுந்ததும் முதலில் எடுக்கப்படுவது சாதகக் குறிப்பு. அடுத்து எடுக்கப்படுவது காணி உறுதி. பொருத்தம் பார்த்து, சீதனம் பேசி, பொன்னுருக்குக்கு நாள் வைத்து, மண்டபம் அமர்த்தி, கூறையும் தாலிக்கொடியும் தீர்மானமான பின்னரே ‘சம்மதந்தானே?’ என்ற வினா மணமக்களை நோக்கி எழுகிறது. அவ்வினாவுக்கு ‘இல்லை’ என்று விடையிறுக்க அப்போது இடமேயில்லை. ஏற்பாட்டில் நேர்ந்த தவறுகள் யாவை என்று வினவினால், பந்தியிற் சோறு குறைந்தது, படப்பிடிப்பாளர் பிந்தி வந்தார், அழைப்பிதழில் ஒருவர் பெயர் விடுபட்டது என்பனவே மறுமொழியாக வரும். இவை ஒரு நாளைக் கெடுக்கும் குறைகள். வாழ்வையே கெடுக்கும் குறைகளோ தவறுகளாகக் கருதப்படுவதுமில்லை.

அவற்றுள் தலையாயது சீதனம் பற்றிய மயக்கம். ‘சீதனம் எங்கள் மரபு, பெண்ணுக்குப் பாதுகாப்பு’ என்பது அதனை ஆதரிப்போர் வழக்கமாகக் கூறும் நியாயம். அந்த மரபையே எடுத்து நோக்குவோம். ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1706இல் தொகுத்து, 1707இல் பன்னிரண்டு முதலியார்களாற் பரிசீலிக்கப்பட்ட தேசவழமை, சொத்தினை மூன்றாகப் பகுக்கின்றது. கணவன் கொண்டுவருவது முதுசொம். மனைவி கொண்டுவருவது சீதனம். இருவரும் மணவாழ்விற் சம்பாதிப்பது தேடியதேட்டம். பழைய முறைப்படி முதுசொம் ஆண்மக்களையும் சீதனம் பெண்மக்களையும் சேர்ந்தது. எனவே சீதனம் என்பது பெண்ணின் சொத்து. தாய்வழி மகளைச் சென்றடைவது. போர்த்துக்கேயர் காலத்தில் இம்முறை மாற்றமடைந்தமையையும் அத்தொகுப்பே குறிப்பிடுகின்றது. மாறாத மரபு என்று வாதிடுவோர் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும்.

இன்று ‘நன்கொடை’ என்ற பெயரில் மாப்பிள்ளை வீட்டாரின் கையில் எண்ணிக் கொடுக்கப்படும் காசு இம்மூன்றில் எதனுள் அடங்கும்? அது பெண்ணின் பெயரில் எழுதப்படுவதில்லை. பெரும்பாலும் மாப்பிள்ளையின் சகோதரியைக் கரைசேர்க்கவோ பழைய ஈட்டை மீட்கவோ செலவாகிவிடுகின்றது. காணிக்கு உறுதி உண்டு. கைமாறிய காசுக்கு ஒரு துண்டுக் கடிதமும் இல்லை. நாளை மணமுறிவு நேரின், அதனைக் கொடுத்ததாக நிறுவுவதே அரிதாகும். காணியைப் பொறுத்தும் நிலைமை முழு நிறைவானதன்று. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் மனைவியின் சொத்தினை அவளது தனிச்சொத்தாக ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் தன் அசையாச் சொத்தினை விற்க அவளுக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது கிடையாவிடின் மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். பாதுகாப்பு என்று போற்றப்படுவதன் திறவுகோல் யார் கையில் உள்ளது என்பதைக் கூறவேண்டியதில்லை.

இரண்டாவது தவறு ‘எழுத்து’ பற்றியது. பதிவாளர் முன்னிலையில் நடைபெறும் திருமணப் பதிவினை நிச்சயதார்த்தம் போன்றதொரு முன்னோடிச் சடங்காகவே பலர் எண்ணுகின்றனர். வெளிநாட்டு மாப்பிள்ளை விடுமுறையில் வந்து எழுத்தை முடித்துச் செல்வதும், தாலிகட்டு மாதக்கணக்கிற் பிற்போடப்படுவதும் சாதாரணமாகிவிட்டன. சட்டமோ வேறுவிதமாக நோக்குகின்றது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு முடிந்த கணமே இருவரும் கணவன் மனைவியர். இடையிற் சம்பந்தம் குழம்பினால், ஒரு நாளும் சேர்ந்து வாழாத பெண்ணும் மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குத் தொடுத்தே விடுபடல் வேண்டும். அதற்கும் பிறனோடு கூடாவொழுக்கம், வன்மமான கைவிடுகை, திருமண வேளையில் இருந்த தீராத ஆண்மையின்மை அல்லது பெண்மையின்மை ஆகிய காரணங்களுள் ஒன்றை நிறுவுதல் அவசியம். பந்தலுக்கு எத்தனை வாழை என்று ஒரு மாதம் ஆலோசிக்கும் குடும்பம், இவ்வொரு கையொப்பத்தின் பொருளை ஒரு நாழிகையும் ஆலோசிப்பதில்லை.

மூன்றாவது, செலவு. முன்பு பெண்வீட்டு முற்றத்திலே, அயலாரின் உழைப்பில் எழுந்த பந்தல் இன்று வாடகை மண்டபத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டது. தென்னோலை பின்னிய கைகளும் கறி நறுக்கிய கைகளும் இப்போது அழைப்பிதழோடு வந்து அன்பளிப்போடு அமரும் விருந்தினராகிவிட்டன. உறவு கூலியாக மாறிய இடத்திற் கடன் நுழைகின்றது. காணி ஈடுவைக்கப்படுகிறது, தாயின் நகை அடகுக்குச் செல்கின்றது, கடல்கடந்த தமையன் இரட்டை வேலை செய்கின்றான். ஊரார் மெச்சுதற்பொருட்டு எடுக்கப்படும் இவ்விழாவின் வட்டியை ஊரார் கட்டுவதில்லை.

‘பெற்றோரின் மனத்தை நோகச் செய்யலாமா?’ என்பது இளைஞரின் இறுதி அரண். இந்நாட்டில் 1945 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியே அவர்களைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்தது. அதற்கான செலவைத் தாங்கியவர் பொதுமக்கள். தோட்டத்திற் கொழுந்து பறித்தவளும் அவர்களுள் ஒருத்தி. அவ்வாறு பெற்ற பட்டத்துக்கு, மருத்துவனுக்கு இவ்வளவு, பொறியியலாளனுக்கு இவ்வளவு என்று பெண்ணின் தந்தையிடம் இரண்டாம் முறை விலை கேட்கப்படுகின்றது. மேடையிற் பெண்விடுதலை பேசிய நாவு அவ்விலை பேசப்படும் வேளையில் மௌனமாகிவிடுகின்றது. பெற்றோர் மீதுள்ள பக்தியன்று அம்மௌனம். இலாபத்திற் பங்கு கொள்வோரின் மௌனம்.

செய்யத்தக்கது பெரிய புரட்சியுமன்று. மண்டபத்துக்கு முற்பணம் கட்டுமுன் மணமக்கள் இருவரும் அமர்ந்து, எங்கே வாழ்வது, யார் உழைப்பது, எவருடைய கடனை எவர் சுமப்பது என்று பேசித் தெளிதல் வேண்டும். நன்கொடை வேண்டாமென்று மணமகன் தன் வாயாற் கூறுதல் வேண்டும். பெற்றோர் மனமுவந்து கொடுப்பது பெண்ணின் பெயரில், நொத்தாரிசு முன்னிலையில், உறுதியாக எழுதப்படுதல் வேண்டும். சேர்ந்து வாழத் துணிந்த பின்னரே எழுத்து நிகழ்தல் வேண்டும். இவை நான்கும் நிறைவேறிய திருமணத்திற் பந்தி குறைந்தாலும் குறையில்லை. இவையின்றி ஆயிரம் பேர் உண்டு களித்தாலும், பந்தல் பிரித்த மறுநாள் எஞ்சுவது கடன் கணக்கொன்றே.