"பூனைதானே, தானா நக்கி ஆத்திக்கும்!"

விருத்தாசலத்தில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பூனை கடிபட்டு வந்திருக்கிறது என்றால் வருகிற பதில் ஒன்றுதான். "பூனைதானே, தானா நக்கி ஆத்திக்கும்."

ஆஹா, இயற்கை மேல் என்ன ஒரு நம்பிக்கை! அதே ஆள் காலில் ஆணி குத்தினால் மட்டும் டி.டி. ஊசி போட ஓடுவார். அன்றைக்கு இயற்கைக்கு லீவு போல.

சரி, நடப்பது என்ன? நெல் மண்டியோ, பீங்கான் பொம்மைப் பட்டறையோ, ஓட்டு வீடோ... எலி இருக்கிற இடத்தில் பூனை இருக்கும். இரண்டு கடுவன் பூனை இருந்தால் ராத்திரி சண்டை இருக்கும். காலையில் பார்த்தால் கன்னத்திலோ, முன்னங்காலிலோ, வாலடியிலோ சின்னதாக ஒரு ஓட்டை. ரத்தம்கூட இருக்காது. "ஒண்ணுமில்லப்பா" என்று எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஏமாற்றுவது அந்தச் சின்ன ஓட்டைதான். பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி. ஆழமாக இறங்கி, வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகளை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்துவிடும். மேல்தோல் சீக்கிரமே மூடிக்கொள்ளும். கிருமி உள்ளே மாட்டிக்கொள்ளும். சில நாட்களில் அந்த இடம் வீங்கிச் சூடாகும், தொட்டால் பூனை சீறும். காய்ச்சல் வரும். சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கும். அப்புறம் ஒருநாள் கட்டி உடைந்து சீழ் வழியும். ஈ மொய்க்கும். புழு வைக்கும்.

இதில் நாக்கு என்ன செய்யும்? நக்குகிற நாக்கிலும் அதே வாய்க்கிருமிதான். போதாததற்கு அரம் மாதிரி சொரசொரப்பு, புண் இன்னும் பெரிதாகும். தோலுக்கு அடியில் தேங்கிய சீழை எந்த நாக்கு எடுக்கும்? பிடரியில் விழுந்த கடியைப் பூனை எப்படித்தான் நக்கும்? இதையெல்லாம் யாரும் யோசிப்பதே இல்லை.

இதைவிட ஆபத்தானவர்கள் 'வைத்தியம்' பார்க்கிறவர்கள். ஓட்டை மேல் மஞ்சளைக் குழைத்து அப்புவார்கள். வெளியே வரவேண்டிய சீழுக்குக் கதவைச் சாத்தியாயிற்று. டெட்டாலைத் தடவுவார்கள். அதில் இருக்கும் ஃபீனால் வகை மருந்து பூனையின் உடம்புக்கு விஷம், நக்கினால் நேராக வயிற்றுக்குள். புழு வைத்தால் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள், அந்துருண்டையைப் பொடித்துத் தூவுவார்கள். அதுவும் விஷமே.

எல்லாவற்றுக்கும் சிகரம் பாராசிட்டமால். "காய்ச்சல் அடிக்குதே பாவம்" என்று அரை மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுப்பது. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் ஈரலால் சரியாகச் செய்ய முடியாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே ஒரு பூனையைக் கொல்லப் போதும். கடியில் சாகாத பூனை, பாசத்தில் சாகும்!

"அதுக்காக மாட்டாஸ்பத்திரிக்கா தூக்கிட்டுப் போறது?" என்று அடுத்த கேள்வி வரும். ஆமாம், அங்கேதான். கால்நடை மருத்துவம் படித்தவர் பசுவுக்கு மட்டும் படித்துவிட்டு வருவதில்லை. பூனையும் நாயும் அந்தப் படிப்பில் உண்டு. முடியை மழித்து, கட்டியைக் கீறி, சீழை வடித்து, சலைன் விட்டுக் கழுவி, ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். கடிபட்ட அன்றோ மறுநாளோ போய்விட்டால் பல சமயம் கத்தியே தேவைப்படாது. காமர்ஸ் படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், முதல் நாளே அடைக்காத கடன் வட்டி போடும். பூனைக்கடியும் அப்படித்தான்.

தூக்கிக்கொண்டு போவதும் பெரிய வித்தை இல்லை. கனமான துண்டில் சுற்றி, காற்று போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்தால் போதும். கடித்தது எது என்று தெரியாவிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ரேபிஸ் இருக்கிறது. வலியில் பூனை உங்களைக் கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கொடுத்த மருந்தை, பூனை துள்ளி ஓட ஆரம்பித்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாமல் கிடந்தால் காத்திருக்காதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்பு படிந்து, அதுவே உயிரை எடுக்கும்.

கடுவனுக்குக் கருத்தடை செய்துவிட்டால் இந்த ராத்திரிச் சண்டைகளே பெரும்பாலும் குறையும். அதைச் சொன்னால் மட்டும் "பாவம்" என்று உச்சுக்கொட்டுவார்கள். சீழ் வடியக் கிடப்பது பாவமில்லையாம்.

நாற்றம் தாங்காமல் சாக்கில் கட்டி ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வருகிற மகான்களும் உண்டு. வளர்த்த விலங்கைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை.  ஒரு தோசை விலைக்குக்கூட வராத இந்த அபராதத்துக்கு யார் பயப்படுவார்கள்?

"தெருப்பூனைதானே, யாருக்குச் சொந்தம்?" என்பது கடைசி வாதம். அரிசி மூட்டையை எலி கடிக்காமல் காவல் காத்தபோது அது உங்கள் பூனை. புண் வந்த அன்று மட்டும் தெருப்பூனையா? லாபம் வீட்டுக்கு, நஷ்டம் தெருவுக்கு... நல்ல கணக்கு!

பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், மனுஷனுக்கு ஒரு குறை என்றால் பேப்பரில் எழுதிப் பிராது கட்டுகிறார்கள். திருடு போனதற்குப் பிராது, கடன் வாங்கியவன் ஏமாற்றியதற்குப் பிராது. பூனைக்கு எழுதத் தெரியாது. தெரிந்திருந்தால் எதிர்வாதி இடத்தில் கடித்த பூனையின் பேரை எழுதாது. "தானா ஆறிடும்" என்று சொன்னவர் பேரைத்தான் எழுதும்.