தழும்பா பெரிது, உயிரா பெரிது?

“வெறும் சைனஸ்தாங்க!” நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. பெரும்பாலும் உண்மையும்கூட. இரண்டு பக்கமும் மாறி மாறி அடைக்கிறது, தும்மல், சளி என்றால் பதற வேண்டியதில்லை.

ஆனால் ஒரே பக்கம் மட்டும் வாரக்கணக்கில் அடைப்பு, அதே பக்கம் ரத்தக் கசிவு, கன்னத்தில் மரத்துப்போன உணர்ச்சி, காரணமில்லாமல் ஆடும் மேல் பல், பிதுங்கும் ஒரு கண்... இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆவி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள். மூக்கிலும் சைனஸிலும் வரும் புற்றுநோய் அபூர்வம்தான். ஆனால் சைனஸ் என்பது காற்று நிறைந்த வெற்று அறை. கட்டி சத்தமில்லாமல் வளர அங்கே தாராளமாக இடம் உண்டு. சிகரெட் பிடிப்பவர்களும், வருடக்கணக்கில் மரத்தூள், தோல் தூளைச் சுவாசித்து வேலை செய்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

சரி, ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். உடனே நாம் என்ன கேட்கிறோம்? “முகத்தில் கத்தி படாமல் செய்ய முடியுமா டாக்டர்?” கவலை நியாயமானதே. ஆனால் முதல் கேள்வி அதுவாக இருக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

மூக்கோரமாகக் கீறி, தேவையானால் உதடு வரை கொண்டுபோய், மேல்தாடை எலும்பை எடுப்பது பழைய முறை. கட்டி மண்டையோட்டின் அடித்தளத்தைத் தொட்டிருந்தால் முகம், மண்டை இரண்டு வழியாகவும் போய் அகற்றும் முறை 1960-களில் நிலைபெற்றது. பிறகு வந்தது எண்டோஸ்கோப். மூக்குத் துவாரம் வழியாகவே கேமராவில் பார்த்துக்கொண்டு அகற்றலாம். வெளியே தழும்பு இல்லை, சீக்கிரம் வீடு திரும்பலாம். பொருத்தமான கட்டி, அனுபவமுள்ள கை, இரண்டும் அமைந்தால் அருமையான முறை.

ஆனால் கட்டி கன்னத்தின் தோலிலோ, அண்ணத்திலோ, கண்ணுக்குள்ளோ ஊடுருவியிருந்தால்? அங்கே துவார வழி மட்டும் போதாது. நோயின் வேர் துளியும் மிச்சமில்லாமல் வர வேண்டும். அதுதான் முக்கியம், வழி எதுவானாலும் சரி! தழும்பு நாளடைவில் மங்கும். அண்ணத்தை எடுத்தாலும் பல் செட் மாதிரி தகடு பொருத்தி, சாப்பிடவும் பேசவும் வைக்கிறார்கள். மிச்சம் விட்ட நோய்க்கு அப்படி எளிய பரிகாரம் கிடையாது.

எனவே டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: பயாப்ஸியில் என்ன வகை? சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களில் கண், மூளைப் பக்கம் பரவியிருக்கிறதா? முழுசாக எடுக்க எந்த வழி சரி? பிறகு கதிர்வீச்சு தேவைப்படுமா? மூளை, கண், பல், பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர்கள் சேர்ந்து முடிவெடுக்கும் ஆஸ்பத்திரியா?

இன்னொருவரிடம் அபிப்பிராயம் கேட்பதிலும் தப்பில்லை. ஆனால் சீக்கிரம் கேளுங்கள். “தையில்லாமல் செய்கிறவர்” யார் என்று ஊர் ஊராக அலைந்து மாதங்களை வீணாக்காதீர்கள். அந்த மாதங்களில் கட்டி சும்மா இருக்காது!