மலிவு எது?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

கார் என்றதும் நம்மில் பலருக்குச் செல்வமும் சொகுசுமே நினைவுக்கு வரும். ‘அவனுக்கென்ன, கார் வைத்திருக்கிறான்’ என்பது ஊர்ப் பேச்சு. ஆனால் காருக்கு வேறொரு முகமும் உண்டு. விடியற்காலையில் ஆலைத் தொழிலாளர்களைச் சுமந்துகொண்டு நெடுஞ்சாலையில் ஓடும் பதினைந்து வயதுப் பழைய கார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உழவனுக்கு ஏர் மாடு எப்படியோ, அந்தத் தொழிலாளிக்கு அந்தக் கார் அப்படி. அத்தகைய காரை வாங்கப் புகும் ஓர் ஏழைக் குடும்பம் எதை மலிவு என்று கொள்ள வேண்டும்? விலை குறைந்த காரையா? வேலை நாளில் வழியில் நின்றுவிடாத காரையா? பின்னதே மலிவு என்பது என் கருத்து.

கருத்தைக் கணக்கால் நிறுவுவதே அறிவியல் மாணவனுக்கு அழகு. ஆகவே எங்கள் வீட்டுக் கணக்கையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். என் அண்ணன், அண்ணி, அம்மா மூவருக்கும் 18 கி.மீ. தொலைவிலுள்ள ஒரு நூற்பாலையில் வேலை. அம்மா அங்கே கேன்டீனில் சமைக்கிறார். மூவருக்கும் காலை 6 மணி ஷிப்டு. எங்கள் ஊருக்கு முதல் பஸ் வருவதோ 6.20க்கு. ஆலை வேன் எங்கள் பக்கம் வருவதில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் அந்த நேரத்தில் பஸ்ஸே இல்லாதபோது இலவசத்தால் என்ன பயன்? இரு சக்கர வண்டியில் மூவர் போவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. ஆகவே ஆட்டோ வைத்திருக்கிறோம். நாளொன்றுக்கு 350 ரூபாய். 26 நாளைக்கு 9,100 ரூபாய். ஆட்டோ வராத நாளில் மூவர் கூலியும் சேர்ந்து 1,700 ரூபாய் ஒரே அடியாகப் போய்விடுகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் புத்தகமும் தேர்வுக் கட்டணமும் அந்தக் கூலியிலிருந்துதான் வருகின்றன. எனவே இது எனக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று.

இனிக் காரின் கணக்கைப் பார்ப்போம். நாளொன்றுக்குப் போக வர 36 கி.மீ.; மாதம் 936 கி.மீ. லிட்டருக்கு 18 கி.மீ. கிடைக்குமென்றும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால் எரிபொருளுக்கு 5,200 ரூபாய். ஆயில், டயர், பேட்டரி, சர்வீஸ் ஆகியவற்றுக்குச் சராசரியாக மாதம் 1,200. 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியம், 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, வரி நீங்கலாக ஆண்டுக்கு 2,094 ரூபாய். அதோடு புகைச் சான்றிதழையும் பதிவுப் புதுப்பிப்பையும் சேர்த்து மாதத்துக்கு 300 என்று கொள்ளலாம். அண்ணன் ஏலச்சீட்டு எடுத்து 1,20,000 ரூபாய் வைத்திருக்கிறார். அந்த விலைக்கு வாங்கி, ஐந்தாண்டு ஓட்டி, 30,000க்கு விற்றால் தேய்மானம் மாதம் 1,500. இன்னும் ஒன்று உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில், சொந்தப் பயன்பாட்டுக்குக் கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்குத் தகுதியில்லை என்று விதி வகுத்தார்கள். கார் வந்தால் அம்மாவின் பெயருக்கு வந்த 1,000 ரூபாயும் செலவுப் பக்கத்தில்தான் சேரும். எல்லாவற்றையும் கூட்டினால் 9,200 ரூபாய். ஆட்டோவுக்கும் காருக்கும் உள்ள வேறுபாடு 100 ரூபாய்தான்!

அப்படியானால் கார் எதற்கு என்று கேட்கலாம். ஆட்டோ வராத நாளின் 1,700 ரூபாய் மிச்சமாகுமே, அதற்காகத்தான். கார் தரும் லாபம் முழுவதும் அந்த ஒன்றில்தான் இருக்கிறது. வாங்கிய காரும் அதேபோல் நின்றுவிடுமானால் லாபமும் இல்லை, சீட்டுப் பணமும் இல்லை. 1,20,000 ரூபாய்க் காருக்குப் பதிலாக 90,000 ரூபாய்க் காரை வாங்கினால் 30,000 மிச்சம் என்று தரகர் சொல்வார். அதை 1,700ஆல் வகுத்துப் பாருங்கள். ஐந்தாண்டில் 18 நாள் அந்தக் கார் நின்றால் போதும், மிச்சம் முழுவதும் கரைந்துவிடும். ஆண்டுக்கு நான்கு நாள்கூட வேண்டாம்! மெக்கானிக் கூலியும் உதிரிபாக விலையும் இதில் சேரவில்லை. மாதச் சம்பளக்காரருக்குக் கார் நின்றால் ஒரு நாள் விடுப்பு. கூலிக்காரருக்கு ஒரு நாள் உலை இல்லை. எனவே நம்பகத்தை அதிகம் நாட வேண்டியவர் ஏழையே.

நம்பகமான காரை எப்படிக் கண்டுகொள்வது? இதை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. மாட்டுச் சந்தைக்குப் போன நம் தந்தையரைக் கேட்டாலே போதும். என் அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் மணப்பாறைச் சந்தையில் ஒரு மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணி வயதைச் சொல்வார்; சுழி பார்ப்பார்; நடக்க விட்டுப் பார்ப்பார்; அதன் பிறகே துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. நாம் பணம் கொடுத்து வாங்குகிறோம். பல்லைப் பார்த்தே ஆக வேண்டும்.

காரின் பல் எது? முதலாவது டயர். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். அடுத்து, கால் மிதிக்கும் பெடல் ரப்பர். மீட்டர் 40,000 கி.மீ. காட்ட, ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று ஐயுறலாம். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவிலும் மட்கார்டிலும் வைத்துப் பாருங்கள். ஒட்ட வேண்டிய தகட்டில் ஒட்டவில்லையென்றால் பெயிண்டுக்கு அடியில் பட்டி பூசியிருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறையும், இருக்கைக்குக் கீழே துருவும் இருந்தால் அந்தக் கார் வெள்ளத்தில் நின்றதாக இருக்கலாம். சென்னை 2015இலும் 2023இலும் வெள்ளத்தில் தத்தளித்தபோது எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின என்பதை மறக்கலாகாது.

இனி நடக்க விடுவது. விற்பவர் முன்கூட்டியே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் அன்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். புகைபோக்கியில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் வீணாகிறது. சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் நீர் எஞ்சினுக்குள் புகுகிறது என்று கொள்ளலாம். ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற படிவு இருந்தாலும் எச்சரிக்கை தேவை. இவை நாம் வகுப்பில் படிக்கும் எரிதலும் வெப்பமும்தான், வேறில்லை.

எந்தக் கார்? மாருதி 800 என்னும் சிறு கார் 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. 2000இல் வந்த ஆல்டோ பல வடிவங்களில் தொடர்ந்தது. 1999இல் வந்த வேகன் ஆரும் அவ்வாறே. இவை அழகிலும் வேகத்திலும் சிறந்தவை என்று நான் வாதிடவில்லை. இவற்றைப் பழுது பார்க்கத் தெரியாத மெக்கானிக் நம் தாலுகாவில் இல்லை; உதிரிபாகம் அன்றைக்கே கிடைக்கும். செவ்ரோலே கார்களின் விற்பனை இந்தியாவில் 2017இல் நின்றது. மறைமலை நகர் ஆலையில் ஃபோர்டு கார் உற்பத்தி 2022இல் நின்றது. அவை கெட்ட கார்கள் அல்ல. நல்ல இரும்பு என்று ஓட்டியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பாகத்துக்காகப் பத்து நாள் காத்திருக்க நேர்ந்தால், பத்து நாள் கூலி யார் தருவார்? குறைந்த தூரம் ஓடும் குடும்பத்துக்கு டீசல் காரும் வேண்டாம். அதன் இன்ஜெக்டர் செலவு ஒரு மாதக் கூலியை விழுங்கிவிடும்.

வேதியியல் நண்பர்கள் அறிந்த ஒன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2025 முதல் பங்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே பரவலாகக் கிடைக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே இந்தக் கலவையில் லிட்டருக்கு 6, 7 விழுக்காடு ஆற்றல் குறையும். பழைய காரின் ரப்பர் குழாய்களும் விரைவில் கெடலாம். பெட்ரோல் குழாய்களை மாற்றும் செலவை விலை பேசும்போதே கழித்துக்கொள்வது நல்லது.

காகிதமும் முக்கியம். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த காருக்கு இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்ததற்கு இன்னும் கூடுதல். ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த சான்றும் படிவம் 35ம் இல்லாமல் முன்பணம் தரலாகாது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. எங்களுக்குக் காட்டப்பட்ட ஒரு காரின் ஆர்.சி.யில் மூன்று உரிமையாளருக்கு முந்தியவரின் பெயர் இருந்தது. ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி’ என்றார் விற்றவர். அண்ணன் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். காரைப் பார்க்க ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போகிறோம். அவருக்கு நாம் டீ மட்டும் வாங்கித் தந்தால், விற்பவர் தரும் கமிஷனுக்கே அவர் கண் போகும். அவருடைய அரை நாள் கூலியை நாமே முழுதாகக் கொடுத்துவிட வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் அதே கூலி என்று முன்பே பேசிவிட வேண்டும். உண்மைக்கும் ஒரு விலை உண்டு. அது பழைய காரின் விலையில் நூறில் ஒரு பங்குகூட வராது.

இறுதியாக, ஆட்சியாளருக்கும் கல்லூரிக்கும் ஒவ்வொரு வேண்டுகோள். காரின் சக்கரத்தை எண்ணாமல் அதன் வயதையும் விலையையும் பார்த்து ஒரு குடும்பத்தின் வசதியை அளக்கட்டும். இருபது லட்ச ரூபாய்க் காரையும் ஒரு லட்ச ரூபாய்ப் பழைய காரையும் ஒரே தட்டில் வைப்பது அளவையாகாது. அதைவிட, காலை 5 மணிக்கு ஒரு பஸ் விட்டால் எங்கள் ஊரில் பலருக்குக் காரே தேவைப்படாது. நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். இயற்பியல், வேதியியல் மாணவரும் உள்ளூர் மெக்கானிக் ஒருவரும் சேர்ந்து, பழைய வண்டியை எப்படிப் பார்ப்பது, படிவங்களை எப்படி நிரப்புவது என்று ஊராருக்குச் சொல்லித் தரலாம். மாட்டின் பல்லைப் பார்க்கத் தெரிந்த தலைமுறை நம்மைப் படிக்க வைத்திருக்கிறது. அவர்களுக்காகக் காரின் பல்லைப் பார்த்துச் சொல்வது படித்த நமது கடமையன்றோ?