வேகத்துக்கு இட்ட காணிக்கை

மோட்டார் சைக்கிளின் ஒலியடக்கியைக் கழற்றிவிட்டு, ஊரே அதிரச் செல்லும் இளைஞரைக் காணுந்தோறும் நமக்கு நகைப்பே உண்டாகிறது. ஓசை பெருகினால் வேகமும் பெருகும் என்பது அவர்தம் எண்ணம் போலும்! இயந்திரத்தின் ஆற்றலைக் கூட்டுவது அத்துணை எளிதன்று. அதற்கெனத் தம் வாழ்நாளையே செலவிட்ட ஒருவரைப்பற்றி இவ்வாரம் கூறுவோம்.

நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்காகில் என்றொரு நகர் உண்டு. அங்கு வாழ்ந்த பேர்ட் மன்றோ என்பவர் 1920ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் செய்யப்பட்ட 'இந்தியன் ஸ்கவுட்' வண்டியொன்றை வாங்கினார். (பெயரைக் கண்டு மயங்கவேண்டாம்; அது அமெரிக்கப் பழங்குடியினரைக் குறித்து இட்ட பெயர்.) 600 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய அவ்வண்டி மணிக்கு ஏறத்தாழ 55 மைல் வேகத்துக்குமேல் ஓடாது. 1926இல் அதனைத் திருத்தத் தொடங்கியவர் பின்னர் ஓயவேயில்லை.

ஆற்றலைக் கூட்ட வழிகள் சிலவே. உருளையைப் பெரிதாக்கலாம், எரிகலவையை இன்னும் இறுக்கி எரிக்கலாம், இயந்திரம் தடையின்றி மூச்சுவிடச் செய்யலாம். அவ்வண்டியின் வால்வுகள் உருளைக்குப் பக்கத்தே இருந்தன. கலவை வளைந்து நெளிந்து உட்புகவேண்டியிருந்ததால் மூச்சுத் திணறல்தான். மன்றோ வால்வுகளை உருளையின் தலைக்கு மாற்றினார். கொள்ளளவையும் படிப்படியாக 950 ஆக உயர்த்தினார்.

ஆனால் இங்கேதான் இடர்ப்பாடு. பிஸ்டன் ஒவ்வொரு முறையும் உச்சியில் நின்று, திரும்பி, கீழிறங்குகிறது. சுழற்சி வேகம் இருமடங்கானால், அதனைத் தாங்கும் இணைப்புத்தண்டின் மீது விழும் விசை நான்கு மடங்காகும். பழைய தண்டு முறியாமல் என்செய்யும்? மன்றோவிடம் பணமில்லை, பழைய இரும்பு இருந்தது. இழுவை இயந்திரமொன்றின் அச்சை அறுத்து, அராவிப் புதிய தண்டுகளைச் செய்தார். பழைய தகரப்பேணிகளை அச்சாக்கிப் பிஸ்டன்களை வார்த்தார். அவை வெடித்தன, மீண்டும் வார்த்தார். மனைவியோடு மணமுறிவும் நேர்ந்தது. 1940களின் இறுதியில் வேலையைவிட்டு, கராஜ் ஒன்றிலேயே குடியிருக்கலானார். உடைந்த உறுப்புகளை அங்கே தட்டொன்றில் அடுக்கி, வேகத்தின் கடவுளுக்கு இட்ட காணிக்கைகள் என எழுதிவைத்தார். அவருக்கு இதில் நகைச்சுவையும் இருந்தது. ஆயினும் அவ்வீட்டாரின் இழப்பை நாம் சிறிதென்று கூறமாட்டோம்.

இயந்திரம் மட்டும் போதாது. காற்றின் தடையை வெல்ல, வேகம் இருமடங்காயின் ஆற்றல் எட்டு மடங்கு வேண்டும். ஆதலால் வண்டிக்கு மீன்வடிவான மேலுறை ஒன்றையும் அமைத்துக்கொண்டு, அமெரிக்காவின் யூற்றா மாநிலத்திலுள்ள பொனவில் உப்புவெளிக்குச் சென்றார். 1962இல் மணிக்கு 178 மைலைத் தாண்டிச் சாதனை நிறுவினார்.

1967இல் அவருக்கு வயது 68. அவ்வாண்டு ஓட்டமொன்றின் நடுவே வண்டி தள்ளாடத் தொடங்கியது. வேகத்தைத் தணிக்க அவர் நிமிர்ந்தார். காற்று கண்ணாடியைப் பறித்துக்கொண்டது, கண்ணும் தெரியவில்லை. இரும்புக் கம்பமொன்றை மயிரிழையில் தப்பி, வண்டியைச் சாய்த்து வீழ்த்தினார். சிராய்ப்புகளோடு எழுந்தார்! அதே ஆண்டில் 1000 கன சென்ரிமீற்றருக்கு உட்பட்ட பிரிவில் 183.59 மைல் என அவர் வேகம் பதிவாயிற்று.

1978இல் மன்றோ காலமானார். அக்கணக்கிற் பிழை இருப்பதை அவருடைய மகன் பின்னர் கண்டு தெரிவிக்க, 2014இல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அதனை 184.087 மைல் எனத் திருத்தியது. தந்தை இறந்து 36 ஆண்டுகளின் பின் வந்த அரை மைல் அது.