குதிகாலை வெட்டினால் மூளை சரியாகுமா?

நுனிக்காலில் நடக்கும் குழந்தையைப் பார்த்ததும் ஊரே தீர்ப்பு சொல்லிவிடும்: "நரம்பு இழுத்திருக்கு, ஒரு ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும்." இந்தத் தீர்ப்பில் இரண்டு தப்பு இருக்கிறது. இரண்டுக்கும் விலை கொடுப்பது அந்தக் குழந்தையின் முட்டி.

முதல் தப்பு வார்த்தையில். தமிழ்ப் பேச்சில் எல்லாமே நரம்புதான்! மூளையின் சேதி போகும் கம்பியும் நரம்பு, தசையை எலும்போடு கட்டும் கயிறும் நரம்பு. இந்தக் கயிற்றின் சரியான பெயர் தசைநாண். செரிப்ரல் பால்சி எனப்படும் பெருமூளை வாதத்தில் கால் விறைப்பது நாணின் குற்றம் அல்ல. மூளையில் பட்ட காயத்தால், தசையை அடக்கிவைக்கும் கட்டளை சரியாக வந்து சேர்வதில்லை. அதனால் வேகமாக இழுத்தால் தசை முறைத்துக்கொண்டு எதிர்த்து இழுக்கிறது. இதுதான் ஸ்பாஸ்டிசிட்டி. குதிகால் நாணை வெட்டி நீட்டினால் கயிறு நீளும், அவ்வளவுதான். மூளைக்கு அது தெரியவே தெரியாது.

இரண்டாவது தப்பு அந்த 'ஒரு ஆபரேஷன்'. டொரொன்டோவின் எலும்பு மருத்துவர் மெர்சர் ராங் இதற்குக் கசப்பாக 'பிறந்தநாள் நோய்' என்று பெயர் வைத்தார். ஒரு வருடம் குதிகால், அடுத்த வருடம் முட்டிக்குப் பின்னால், அதற்கடுத்த வருடம் இடுப்பு... ஒவ்வொரு பிறந்தநாளும் ஆஸ்பத்திரியில்தான். ஏன் இப்படி? நிற்கும்போது முட்டி மடங்காமல் காப்பதில் கெண்டைத் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு காலும் பாதித்த சின்னக் குழந்தைக்கு அதை அளவுக்கு மீறி நீட்டிவிட்டால் குதிகால் தரையில் படும், போட்டோவுக்கு அழகாக இருக்கும். உடம்பு எடை ஏற ஏற முட்டி மடங்கி, பாதி குந்தியபடியே நடக்க ஆரம்பிக்கும். குட்டையான நாணை நீட்டலாம், நீண்டுபோனதைக் குட்டையாக்குவது மகா கஷ்டம். மெல்போர்னில் இருந்து 2001-இல் வெளியான ஆய்வில், கெண்டையை மட்டும் நீட்டிய பிள்ளைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே சரியான நீளம் நிலைத்திருந்தது.

"ஊசி மருந்துக்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். நியாயமான கேள்வி. போட்டாக்ஸ் ஊசி மூன்று நான்கு மாதம்தான் தாங்கும், விலையும் அதிகம். பேக்லோஃபென் மாத்திரை தூக்கத்தில் தள்ளும் (திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம்). அதே மருந்தை வயிற்றில் வைத்த பம்பு மூலம் தண்டுவடத்தைச் சுற்றிய நீரில் விடும் முறை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாக்கனி. ஆனால் மாவுக்கட்டு இருக்கிறதே! சில வாரங்கள் மாற்றி மாற்றிக் கட்டி, பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவரும் முறை பழசு, மலிவு. கூடவே ஸ்பிளின்ட், தினப்படி பயிற்சி. இதையெல்லாம் தொட்டுக்கூடப் பார்க்காமல் கத்தியை எடுப்பதை எந்த வைத்தியத்தில் சேர்ப்பது?

உண்மையான நரம்பையே வெட்டும் அறுவை சிகிச்சையும் உண்டு. 1980களில் கேப்டவுனில் வார்விக் பீகாக் செம்மைப்படுத்தியது. முதுகின் கீழ்ப்பகுதியில் உணர்வு நரம்பு இழைகளில் சிலவற்றை மட்டும் தேர்ந்து வெட்டுவார்கள். விறைப்பு நிஜமாகவே குறையும். ஆனால் உள்ளே ஒளிந்திருந்த பலவீனம் அப்போதுதான் வெளியே வரும், மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். விறைப்பையே ஊன்றுகோலாக வைத்து நிற்கும் குழந்தைக்கு இதைச் செய்தால் நிற்பதும் போய்விடலாம்.

கத்தியே கூடாது என்று எண்ணெய் தேய்த்துக் காலம் கடத்துபவர்களும் உத்தமர்கள் இல்லை. இடுப்பு மூட்டு மெல்ல நழுவுவது எக்ஸ்ரேயில்தான் தெரியும். நாண் நிஜமாகவே குட்டையாகி இறுகிவிட்டால் எந்த ஊசியும் அதை நீட்டாது. அப்போது வெட்டத்தான் வேண்டும், அதுவும் நடையை முழுசாக ஆராய்ந்து, வேண்டியதையெல்லாம் ஒரே தடவையில்.

எது விறைப்பு, எது குட்டை நாண் என்று பிரிப்பதற்கு ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. மெதுவாகத் தள்ளினால் மேலே வரும் பாதம், வேகமாகத் தள்ளும்போது மட்டும் சட்டென்று நின்றால் அது பெரும்பாலும் விறைப்பு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் "மெதுவா தள்ளிப் பார்த்தீங்களா டாக்டர்?" என்று ஒரு அம்மா கேட்டால் கோபப்படுகிற டாக்டரிடம் அந்தக் காலைக் கொடுக்க வேண்டாம்.